கம்பளித்தோல் சட்டையும் மோட்டார் சைக்கிள் பயணமும்

பெங்களூர் நகரில் மல்லேசுவரத்துக்கும் ராஜாஜிநகருக்கும் அருகே அமைந்துள்ள ஸ்ரீராம்புரம், தமிழ் மக்கள் பெருந்தொகையாக வாழ்ந்து வரும் பகுதி. மார்கழி, தை மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிவதற்கு முன்பே இப்பகுதியின் தெருக்களிலிருந்து மோட்டார் சைக்கிள்கள் புறப்படும் ஓசையைக் கேட்கலாம். சிலர் நந்தி மலையில் சூரியோதயம் காணச் செல்வர். சிலர் மைசூர் வழியாக உதகமண்டலம் நோக்கிப் புறப்படுவர். ஆண்டு முழுதும் விடுமுறையைச் சேர்த்துவைத்து லடாக் வரை சென்று திரும்புவோரும் உண்டு. இவ்வண்ணம் பயணம் செய்வோரிடையே அண்மைக் காலத்தில் நாட்டம் பெருகியுள்ள பொருள்களில் ஒன்று, 'ஷியர்லிங்' எனப்படும் கம்பளித்தோல் சட்டை. உட்புறம் அடர்ந்த ரோமமும் வெளிப்புறம் தோலுமாக உள்ள இச்சட்டையின் விலை மிக அதிகம். ஒரு தொழிலாளியின் பல மாதச் சேமிப்பு ஒரே நாளில் இதில் கரைந்துவிடக்கூடும். ஆகவே, கடையில் காட்டப்படும் சட்டை உண்மையான கம்பளித்தோல்தானா என்பதையும், உண்மையாகவே இருந்தாலும் அது மோட்டார் சைக்கிளுக்கு ஏற்றதுதானா என்பதையும் தனித்தனியே ஆராய வேண்டியுள்ளது. இவ்விரண்டும் ஒரே கேள்வி என்று கருதுவதிலேதான் பெரும்பாலோர் ஏமாறுகின்றனர்.

பெங்களூரின் குளிரை மிகைப்படுத்திப் பேசுவது வழக்கமாகிவிட்டது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சென்னையைவிட அந்நகரம் குளிர்ச்சியானது என்பது உண்மையே. எனினும் ஜனவரி மாத இரவுகளின் சராசரித் தாழ்ந்த வெப்பநிலை அங்கு 16 டிகிரி சென்டிகிரேடை ஒட்டியே நிற்கிறது. நகரில் பதிவாகியுள்ள மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி; அது பதிவானது 1884-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது பொது விதி. அதன்படி 1,478 மீட்டர் உயரமுள்ள நந்தி மலையில் நகரத்தைவிட மூன்று அல்லது நான்கு டிகிரி குறைவாக இருக்கும். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் ஜனவரி இரவுகளில் உறைபனி படிவதுண்டு. லடாக்கில் 5,300 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலுள்ள கர்துங் லா கணவாயிலோ கோடைக்காலத்திலும் பனி விழலாம்.

ஆயினும் மோட்டார் சைக்கிளில் செல்பவரின் குளிர் வெப்பமானியில் காணும் குளிர் அன்று. உடலைச் சுற்றி எப்போதும் ஒரு மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் படலம் இருந்துகொண்டிருக்கிறது. வீசும் காற்று அப்படலத்தை ஓயாமல் அடித்துச் செல்வதால் உடல் மேலும் மேலும் வெப்பத்தை இழக்கிறது. அண்டார்க்டிகாவில் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்னும் இரு அமெரிக்க விஞ்ஞானிகள் சிறிய உருளைகளில் நீரை நிரப்பித் தொங்கவிட்டு, வெவ்வேறு காற்று வேகங்களில் அது உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளந்தனர். அவர்கள் 1945-ல் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்தே 'காற்றுக் குளிர்' என்னும் கணக்கு பிறந்தது. அமெரிக்காவும் கனடாவும் 2001-ல் திருத்தியமைத்த சூத்திரத்தின்படி, வெப்பநிலை 10 டிகிரியாக இருக்கும்போது மணிக்கு 80 கிலோமீட்டர் வேகக் காற்றில் திறந்த முகம் உணரும் குளிர், காற்றற்ற வேளையில் 4 டிகிரிக்கு ஒப்பாகும். வெப்பநிலை 5 டிகிரியாகவும் வேகம் 60 கிலோமீட்டராகவும் இருப்பின், உணரும் குளிர் பூஜ்யத்துக்கும் கீழே 2 டிகிரி. இக்கணக்கு மூடப்படாத சருமத்துக்கே உரியது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். காற்றை முற்றிலும் தடுக்கும் ஓர் உடையை அணிந்தவுடன் இந்தச் சூத்திரத்தின் கடுமையில் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது. குளிரைத் தடுப்பதற்கு முன் காற்றைத் தடுக்க வேண்டும் என்பதே இதனால் பெறப்படுவது.

குளிரினால் விளையும் தீங்கு வெறும் அசௌகரியத்தோடு நிற்பதில்லை. மார்பும் வயிறும் குளிர்ந்தால் உடல் உள்ளுறுப்புகளைக் காப்பதற்காகக் கை கால்களுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. விரல்கள் மரத்துப் போகின்றன. பிரேக்கை அழுத்தும் கை தாமதிக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். அரை நொடித் தாமதம் என்பது எட்டு மீட்டர் தூரம். கையுறை நன்றாயிருந்தும் விரல் மரத்துப் போகிறதென்றால், குறை பெரும்பாலும் கையுறையில் இல்லாமல் சட்டையில் இருக்கும்.

இனி, கம்பளித்தோல் எவ்வாறு வெப்பத்தைக் காக்கிறது என்று பார்ப்போம். வெப்பத்தைத் தடுப்பது ரோமம் அன்று. ரோமங்களுக்கிடையே சிறைப்பட்டிருக்கும் அசைவற்ற காற்றே. கம்பளி இழை இயற்கையிலேயே சுருள் சுருளாக இருப்பதால் ஒன்றோடொன்று படிந்து ஒட்டிக்கொள்ளாமல் இடைவெளி விட்டு நிற்கிறது. உடையின் வெப்பத் தடையை அளப்பதற்கு 1941-ல் 'கிளோ' என்னும் அலகு வகுக்கப்பட்டது. 21 டிகிரி வெப்பமுள்ள அறையில் சும்மா அமர்ந்திருப்பவருக்கு இதமாக இருக்கும் உடை ஒரு கிளோ. சாதாரணமான கோட்டு சூட்டு ஏறக்குறைய அவ்வளவே. ஒரு சென்டிமீட்டர் உயரமுள்ள அடர்ந்த கம்பளி மட்டுமே ஒன்றரை கிளோ அளவுக்குத் தடை தரவல்லது. அதன்மேல் காற்றுப் புகாத தோலும் சேர்ந்துவிடுகிறது. கம்பளிக்கு இன்னொரு விசேஷ குணமும் உண்டு. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை நீராவியை உறிஞ்சிக்கொண்டும் ஈரமாகத் தோன்றாமல் இருக்கும். உறிஞ்சும்போது சிறிது வெப்பத்தையும் வெளிவிடும். வியர்த்த உடல் திடீரென்று குளிர்காற்றில் நுழையும்போது இது பேருதவி.

இந்தச் சட்டை முதலில் யாருக்காக உருவாயிற்று என்பதை அறிந்தால் பல ஐயங்கள் தீரும். பாரசூட் தயாரிப்பாளரான லெஸ்லி இர்வின் என்னும் அமெரிக்கர் இங்கிலாந்தில் தொழிற்சாலை அமைத்து, 1930-களில் விமானிகளுக்காகக் கம்பளித்தோல் சட்டையொன்றை வடிவமைத்தார். பிரிட்டிஷ் விமானப் படையினர் இரண்டாம் உலகப் போரில் அதனையே அணிந்தனர். அமெரிக்க விமானப் படைக்கு 'பி-3' என்னும் சட்டை 1934-ல் ஏற்கப்பட்டது. அந்நாளைய குண்டுவீச்சு விமானங்களில் காற்றழுத்தம் காக்கப்பட்ட அறைகள் பெரும்பாலும் இல்லை. ஏழெட்டுக் கிலோமீட்டர் உயரத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 30, 40 டிகிரிக் குளிரில் வீரர்கள் மணிக்கணக்கில் அசையாது அமர்ந்திருக்க நேர்ந்தது. அவர்களுக்கு வேண்டியிருந்தது வெப்பம் ஒன்றே. தார்ச் சாலையில் விழுந்து உராய்ந்து செல்லும் அபாயம் விமானிக்கு இல்லை. மோட்டார் சைக்கிளுக்கு உரிய உடையென்று இன்று விளம்பரங்களில் காணப்படும் வடிவம், வாஸ்தவத்தில் வானத்தில் அமர்ந்திருப்பவருக்காகத் தைக்கப்பட்ட வடிவம்.

தோல் பதனிடும் முறை

சாதாரணத் தோல் பதனிடும்போது சுண்ணாம்பும் சல்பைடும் இட்டு ரோமத்தை நீக்கிவிடுவர். சுண்ணாம்பு தோலின் நாரிழைகளை நெகிழ்த்தி விரித்துக் கொடுக்கும். கம்பளித்தோலுக்கு இவ்வழி உதவாது; சுண்ணாம்பு பட்டால் ரோமம் உதிர்ந்துவிடும். ஆகவே, ஒருமுறை கம்பளி கத்தரிக்கப்பட்டு மீண்டும் சிறிதளவு வளர்ந்துள்ள இளஞ்செம்மறியின் தோலை எடுத்து, கொழுப்பு நீக்கி, குரோமியம் உப்புக்களையோ ஆல்டிஹைடு வகை ரசாயனங்களையோ கொண்டு ரோமத்தோடு சேர்த்துப் பதனிடுகின்றனர். பின்னர் ரோமத்தைச் சீவி, சூடான உருளையில் தேய்த்து நிமிர்த்தி, ஒரே உயரத்துக்குக் கத்தரிக்கின்றனர்.

இங்கே வாங்குவோர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ரோமம் உள்ளே இருப்பதால், சட்டையின் வெளிப்புறமாக அமைவது தோலின் சதைப்பக்கம். அதைத் தேய்த்து வெல்வெட்டைப்போல் மென்மையாக விடுவர். அல்லது அதன்மேல் பிசின் பூச்சுப் பூசிப் பளபளப்பாக்குவர். மயிர்க்கால்களின் இயற்கைத் துவாரங்கள் ரோமம் உள்ள பக்கத்தில்தான் இருக்கும். ஆதலால், "தோலின் மேல் துவாரங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள்" என்று பொதுவாகக் கூறப்படும் யோசனை கம்பளித்தோலுக்குப் பொருந்தாது. வெளிப்புறத்தில் இயற்கையான துவாரங்களும் உட்புறத்தில் ரோமமும் காணப்பட்டால், அது தோல் ஒன்றும் உள்ளுறை ஒன்றுமாகச் சேர்த்துத் தைக்கப்பட்ட சட்டை என்றே கொள்ள வேண்டும். அது கெட்ட பொருள் என்பதில்லை. கம்பளித்தோல் என்ற விலைக்கு அதை வாங்கக் கூடாது, அவ்வளவே.

நம் பகுதி ஆடுகளின் தோலிலிருந்து இச்சட்டை செய்ய முடியாதா என்று கேட்கலாம். தென்னிந்தியச் செம்மறி ஆடுகளில் பெரும்பாலானவை கம்பளி தருபவை அல்ல. கர்நாடகத்து மண்டியா ஆடு, தமிழ்நாட்டு மேச்சேரி, சென்னைச் சிவப்பு, ராமநாதபுரம் வெள்ளை ஆகியவை குட்டையான முடியுடைய, இறைச்சிக்காக வளர்க்கப்படும் இனங்கள். தக்காணப் பீடபூமியின் ஆடுகள் தரும் கம்பளி முரடானது. அது 'கம்பளி' எனப்படும் போர்வைக்கே ஏற்றது. மென்மையான கம்பளி தரும் தென்னிந்திய இனம் நீலகிரி ஆடு ஒன்றே எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெரினோ முதலிய அயல்நாட்டு இனங்களின் கலப்பால் தோன்றிய அதன் எண்ணிக்கை மிகக் குறைந்துவிட்டது. உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் அதனைப் பாதுகாத்து வருகின்றனர். மெரினோ ஆட்டின் தோலில் ஒரு சதுர மில்லிமீட்டர் இடத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மயிர்க்கால்கள் நெருங்கியிருக்கும். அத்தகைய அடர்த்தியுடைய தோல் ஆஸ்திரேலியா, ஸ்பெயின் போன்ற நாடுகளிலிருந்தே பெரும்பாலும் வருகிறது. ஆகையால், "உள்ளூர் ஆட்டின் அசல் ஷியர்லிங், மலிவு விலை" என்று எவரேனும் கூறினால் ஐயுறுவதற்குத் தக்க காரணம் உண்டு.

ஆனால் ஒரு விந்தை. கம்பளிக்கு உதவாத நம் ஆட்டின் தோலே உறுதியில் மேலானது. கம்பளி ஆட்டின் தோலில் மயிர்க்கால்கள் அடர்ந்திருப்பதும், மேலடுக்குக்கும் அடித்தோலுக்கும் இடையே கொழுப்பு மிகுந்திருப்பதும் அதன் பலவீனங்கள். பதனிடும்போது கொழுப்பு நீங்கியதும் அவ்விடம் நெகிழ்ந்து, இரண்டு அடுக்குகளும் எளிதில் பிரியக்கூடியதாகிறது. குட்டை முடி ஆட்டின் தோலோ இழை நெருங்கியது. மேச்சேரி ஆட்டுத் தோலுக்குத் தோல் வியாபாரத்தில் உள்ள நற்பெயருக்குக் காரணம் இதுவே.

சோதிக்கும் வகை

கடையில் முதலில் செய்ய வேண்டியது ரோமத்தை இரு பெருவிரல்களாலும் வகிடு பிரிப்பதுபோல் விலக்கி அடிவரை பார்ப்பது. உண்மையான கம்பளித்தோலில் ரோமம் தோலிலிருந்தே முளைத்திருக்கும். ஒழுங்கற்ற சிறு கூட்டங்களாக நிற்கும். போலியில் அடியில் நெய்த அல்லது பின்னிய துணி தெரியும். ரோமம் வரிசை வரிசையாக நட்டதுபோல் காணப்படும். பிறகு சட்டையின் ஓரத்தையோ தையல் மடிப்பையோ பார்க்க வேண்டும். அங்கே தோலும் ரோமமும் ஒரே துண்டாக வெட்டப்பட்டிருந்தால் பொருள் நம்பத்தக்கது. ஒரு சட்டைக்குப் பல ஆடுகளின் தோல் தேவைப்படுவதால் பலகைக்குப் பலகை ரோமத்தின் அடர்த்தியிலும் நிறத்திலும் சிறு வேறுபாடு இருக்கும். எல்லா இடத்திலும் அணுவளவும் மாறாமல் இருப்பதே சந்தேகத்துக்குரியது.

எரித்துப் பார்க்கும் சோதனை பலரும் அறிந்ததே. கடைக்காரரின் சம்மதத்துடன் மறைவான ஓரிடத்திலிருந்து நான்கைந்து இழைகளைப் பிடுங்கி, சட்டைக்கு வெகு தூரத்தில் வைத்து, சாமணத்தில் பிடித்து எரிக்க வேண்டும். கம்பளி மயிர் பொசுங்கும் நாற்றத்துடன் கருகி, நெருப்பை விலக்கினால் தானே அணையும். மிஞ்சும் சாம்பலை விரலால் நசுக்கலாம். பாலியெஸ்டர் உருகிச் சொட்டி, கெட்டியான மணியாக உறையும். இச்சோதனைக்கும் ஒரு எல்லை உண்டு. துணியில் பின்னிய கம்பளி உள்ளுறையும் இதே நாற்றத்தைத் தரும். இழை கம்பளி என்பதை மட்டுமே நெருப்பு காட்டும். அது தோலில் முளைத்ததா என்பதை வகிடு பிரித்தே அறிய முடியும். சட்டையில் தைத்துள்ள சீட்டில் 'ஜெனியூன் லெதர்' என்று இருப்பது பெரும்பாலும் வெளித்தோலைப் பற்றிய கூற்றாகும்; உள்ளே இருப்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. 'ஷெர்பா' என்ற பெயரில் விற்கப்படும் ரோமம் பொதுவாகப் பாலியெஸ்டரே. ஐயம் தீராத வியாபாரிகளும் பெருந்தொகையாக வாங்குவோரும் 1948-ல் சென்னை அடையாற்றில் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் தோலின் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் பார்க்கச் செய்து உண்மையை அறியலாம்.

விழுந்தால் என்ன ஆகும்?

அசல் என்று உறுதியான பின்னும் முக்கியமான கேள்வி எஞ்சியிருக்கிறது. வண்டியிலிருந்து விழுபவர் சாலையில் பல மீட்டர் தூரம் உராய்ந்தே நிற்கிறார். அந்தச் சில கணங்களில் உடை தேய்ந்து ஓட்டையாகாமல் இருக்க வேண்டும். தையல் பிரியாதிருக்க வேண்டும். தோள், முழங்கை, முதுகு ஆகிய இடங்களில் மோதலை ஏற்கும் காப்புப் பட்டைகள் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் 2020-ல் வெளியான இ.என். 17092 என்னும் தர விதி மோட்டார் சைக்கிள் உடைகளைத் தேய்வு, கிழிவு, தையல் உறுதி ஆகியவற்றைச் சோதித்து வகைப்படுத்துகிறது. 'மும்மடங்கு ஏ' என்பது அதில் மிக உயர்ந்த வகுப்பு. கை கால் மூட்டுக் காப்புகளுக்கு இ.என். 1621-1 என்னும் தனி விதி உள்ளது. மேலே கூறிய காரணங்களால், அடுக்குப் பிரியும் இயல்புடைய கம்பளித்தோல் இத்தகைய தேய்வைத் தாங்குவதில் மாட்டுத் தோலுக்கும் ஆட்டுத் தோலுக்கும் பின்தங்கியதே. அலங்காரக் கடைகளில் விற்கும் கம்பளித்தோல் சட்டைகளில் காப்புப் பட்டை வைக்கும் பையே இருப்பதில்லை.

போலிச் சட்டையின் அபாயம் இதனினும் கொடிது. மெல்லிய பிசின் பூச்சுத் துணி முதல் உராய்விலேயே கிழிந்துவிடும். அடியிலுள்ள பாலியெஸ்டர் ரோமம் 260 டிகிரியை நெருங்கும்போது உருகுவது. உராய்வின் சூட்டில் உருகிக் காயத்தில் ஒட்டிக்கொள்ளக்கூடும். கம்பளி உருகுவதில்லை.

ஆகவே ஸ்ரீராம்புரத்திலிருந்து நந்தி மலைக்கோ உதகைக்கோ செல்பவருக்கு, 1.2 மில்லிமீட்டர் அளவு தடிப்புள்ள நல்ல மாட்டுத் தோல் சட்டையும், கழற்றி மாட்டக்கூடிய கம்பளி உள்ளுறையும், காப்புப் பட்டைகளும் கொண்ட அமைப்பே சிறந்தது. காலை ஒன்பது மணிக்கு நகரின் போக்குவரத்து நெரிசலில் திரும்பும்போது உள்ளுறையைக் கழற்றிப் பையில் வைத்துவிடலாம். கம்பளித்தோலில் ரோமத்தைக் கழற்ற வழியில்லை. வெயில் ஏறியதும் அது ஒரு சூளை. கம்பளித்தோலையே விரும்புவோர், தோளிலும் முழங்கையிலும் மாட்டுத் தோல் மேல்துண்டு தைத்து, காப்புப் பட்டைக்குப் பை வைத்த சட்டையையே தேட வேண்டும். அல்லது அதை இமயமலைப் பகுதியில் மாலையில் கூடாரத்தில் அணிவதற்கென்று வைத்துக்கொண்டு, சாலையில் வேறு சட்டை அணிய வேண்டும். பனிப் பிரதேசத்தில் பிந்திய முறையே விவேகமானது. நாள் முழுதும் காற்றிலும் மழையிலும் நனைந்த சட்டையை இரவிலும் அணிய நேர்வது துன்பம்.

சட்டையை அணிந்து பார்க்கும்போது கடையின் கண்ணாடி முன் நின்றால் போதாது. வண்டியில் அமர்ந்து, இரு கைகளையும் கைப்பிடி வரை நீட்டிப் பார்க்க வேண்டும். அப்போது மணிக்கட்டு வெளியே தெரியக் கூடாது; முதுகுப்புறம் இடுப்புக்கு மேலே ஏறக் கூடாது. ஜிப்புக்குப் பின்னால் காற்றைத் தடுக்கும் மடிப்பு ஒன்று இருக்க வேண்டும். கழுத்துப் பட்டை தலைக்கவசத்தின் அடியில் தட்டாமல் மூட வேண்டும். இடுப்பும் மணிக்கட்டும் தளர்ந்திருந்தால், வண்டியின் ஒவ்வோர் அசைவிலும் உள்ளேயுள்ள வெதுவெதுப்பான காற்று துருத்தியிலிருந்து போல் வெளியே தள்ளப்படும். எவ்வளவு ரோமம் இருந்தும் பயனில்லை. மாறாக, மிக இறுக்கமாக இருந்தால் ரோமம் நசுங்கிக் காற்றுக்கு இடமின்றிப் போகும். உள்ளே ஒரு ஸ்வெட்டர் அணியும் அளவுக்கு இடமிருப்பது போதும்.

பராமரிப்பைப் பொறுத்தவரை பெங்களூரின் குளிரைவிட அதன் மழைக்காலமே இச்சட்டைக்குப் பெரும் பகை. ஜூன் முதல் அக்டோபர் வரை பெட்டியில் பூட்டி வைத்தால் பூஞ்சணம் பூக்கும்; அந்துப்பூச்சியின் புழு ரோமத்தின் கெரட்டினைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் உறையில் வைக்கக் கூடாது. பழைய பருத்தித் துணிப்பையில் இட்டு, அகன்ற தோள் கொண்ட மரக்கோக்கியில் தொங்கவிட்டு, அந்துருண்டை சிலவற்றைத் துணியில் முடிந்து தோலில் படாமல் அருகே வைக்கலாம். மாதம் ஒருமுறை நிழலில் காற்றாட விட்டு, ரோமத்தைக் கம்பிச் சீப்பால் மெல்லச் சீவ வேண்டும். மழையில் நனைந்துவிட்டால் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து மின்விசிறியின் கீழ் இரண்டு நாள் உலர விட வேண்டும். அடுப்பருகிலோ வெயிலிலோ வண்டியின் சைலன்ஸர் மீதோ போட்டால் தோல் சுருங்கி விறைத்துவிடும். சலவைத்தூளில் உள்ள காரமும், புரதத்தைச் செரிக்கும் நொதிகளும் கம்பளியைக் கெடுப்பவை. வீட்டில் சோப்புப் போட்டுத் துவைக்க முயலாமல், தோல் உடைகளைச் சுத்தம் செய்வோரிடமே கொடுப்பது நல்லது. தையல் பிரிந்தால் சாதாரணத் தையல்காரரிடம் கொடுப்பதைவிடத் தோல் வேலை செய்பவரிடம் கொடுக்க வேண்டும். தோலில் ஒருமுறை ஊசி இட்ட துளை மறைவதில்லை. பழைய துளைகளிலேயே நூல் கோத்துத் தைக்கத் தெரிந்தவரே அதற்கு ஏற்றவர்.